அதிகாலை நடையா, அந்தி நடையா? நம் கடற்கரைக்கு எது பொருந்தும்?

மண்டபம் இயன்முறையாளர்
சனி, இரவு 9.05

இந்த இழையை ஒரு வேண்டுகோளோடு தொடங்குகிறேன். உடற்பயிற்சியைக் காலையில்தான் செய்ய வேண்டும், மாலையில் செய்தால் பலனில்லை என்று தயவுசெய்து யாரிடமும் சொல்லாதீர்கள். முழங்கால் வலி, இடுப்பு வலி என்று என்னிடம் வருகிறவர்களை "நடக்கிறீர்களா?" என்று கேட்டால் மிகப் பலர் சொல்லும் பதில், "காலையில் எழுந்திருக்க முடியவில்லை, அதனால் நடப்பதில்லை." மாலை ஐந்தரைக்கு வாசலில் சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர், அதை நடப்பதற்கான நேரமாகவே எண்ணுவதில்லை. யாரோ சொல்லிவைத்த விதி அவரை நாற்காலியை விட்டு எழவிடாமல் செய்திருக்கிறது. என் ஆதங்கம் இதுதான்.

நம் உடலின் உள்வெப்பம் நாள் முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. விடியலுக்கு முன் மிகவும் குறைந்து, பிற்பகல் சாய்ந்து மாலை தொடங்கும் வேளையில் உச்சத்துக்கு வருகிறது. வேறுபாடு ஏறக்குறைய ஒரு டிகிரி செல்சியஸ்தான். ஆனாலும் தசையின் விசையும் மூட்டுகளின் இளக்கமும் அந்த நேரத்தில்தான் கூடுதலாக இருக்கின்றன. எடை தூக்குவது, வேகமாக ஓடுவது போன்றவை பெரும்பாலோருக்கு மாலையில் சற்று எளிதாக வருவதற்கு இது ஒரு காரணம். உயிரணுக்களுக்குள் இந்த நாள்சுழற்சி எப்படி இயங்குகிறது என்று கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. உடலுக்கென ஒரு நேரக்கணக்கு இருப்பது அவ்வளவு உறுதியான உண்மை.

இடுப்பு வலிக்காரர்களுக்கு இன்னொன்று. இரவு படுத்திருக்கும்போது முதுகெலும்பு வட்டுகள் (எலும்புகளுக்கு இடையே உள்ள டிஸ்க்) நீரை உறிஞ்சிப் பருக்கின்றன. காலையில் நம் உயரம் சற்றுக் கூடியிருப்பதே அதனால்தான். அப்படிப் பருத்த நிலையில் முன்னோக்கிக் குனிந்தால் வட்டின் மீது விழும் அழுத்தம் அதிகம். ஆகவே எழுந்த முதல் ஒரு மணி நேரத்துக்குக் குனிந்து கால்விரலைத் தொடும் பயிற்சி வேண்டாம் என்கிறேன். அதையே மாலையில் செய்தால் பிரச்சினை குறைவு.

நம் ராமநாதபுரம் மாவட்டக் கரையில் வெயில், காற்று, வேலைநேரம் எல்லாமே வேறு மாதிரி. அதை வைத்து உங்கள் கருத்தை எழுதுங்கள்.


ஓய்வுபெற்ற ஆசிரியர், ராமநாதபுரம்
சனி, இரவு 9.50

மருத்துவரே, உடலியல் பற்றி நீங்கள் எழுதியதை மறுக்க எனக்குப் படிப்பில்லை. மனித இயல்பு பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

மாலை நேரம் நம் கையில் இருப்பதில்லை. பள்ளி முடிந்த பிள்ளைகள், சந்தை, உறவினர் வருகை, மாலை வரவேற்புகள், கோயில், துக்க வீடு, எல்லாமே நாலு மணிக்கு மேல்தான் நம்மைத் தேடி வருகின்றன. அதிகாலை ஐந்து மணிக்கு யாரும் கதவைத் தட்டுவதில்லை. பணியில் இருந்த காலத்தில் என்னுடன் மாலை நடையைத் தொடங்கிய நண்பர்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். காலையில் நடந்தவர்கள் இன்றும் நடக்கிறார்கள். எவ்வளவு விசை கிடைத்தது என்பதைவிட எவ்வளவு ஆண்டு தொடர்ந்தது என்பது முக்கியம் இல்லையா?

வெயிலையும் நினைத்துப் பாருங்கள். கத்திரி நாட்களில் மாலை ஐந்து மணிக்கு எங்கள் நகரத்துக் கேணிக்கரைப் பக்கம் நடந்து பாருங்கள். தார்ச்சாலையிலிருந்து அனல் முகத்தில் அடிக்கும். சூரியன் இறங்கினாலும் சாலையும் சுவரும் சூட்டை விட்டுவிடுவதில்லை. நம் மாவட்டத்தில் தண்ணீரும் எண்ணிச் செலவழிக்க வேண்டிய பொருள். காலையில் நடந்தால் வழக்கமான ஒரு குளியலோடு முடிந்துவிடும். மாலையில் வியர்க்க நடந்தால் இரண்டாவது குளியல். லாரித் தண்ணீர் வாங்கும் தெருக்களில் இது சிறிய விஷயம் அல்ல.

காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் உடலின் கடிகாரம் முன்னுக்கு நகர்ந்து இரவில் நேரத்தோடு தூக்கம் வரும் என்றும் படித்திருக்கிறேன். அதையும் கணக்கில் சேருங்கள்.


பாம்பன் கடலோடி
ஞாயிறு, காலை 11.30

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். அதிகாலை ஐந்து மணிக்கு யாரும் கதவைத் தட்டமாட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் நாங்கள் வீட்டிலேயே இருப்பதில்லை ஐயா.

விசைப்படகுக்குத் திங்கள், புதன், சனி. காலையில் டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போனால் மறுநாள் காலையில்தான் கரை. இரவெல்லாம் வலையை இறக்கி, இழுத்து, மீனைப் பிரித்து, ஐஸில் போட்டு, கரைக்கு வந்ததும் ஏலம் முடிந்து வீட்டுக்கு வரும்போது ஒன்பது பத்து மணி. அதன் பிறகு தூக்கம். எங்களைப் போன்றவர்களுக்குக் காலை என்பது நாளின் முடிவு. அந்த நேரத்தில் நடை போகச் சொன்னால், இரவு முழுவதும் வேலை பார்த்தவனை உடனே ஓடச் சொல்வதற்குச் சமம்.

கடல்வேலையே பெரிய உடற்பயிற்சிதானே, தனியாக எதற்கு என்று ஊரில் கேட்கிறார்கள். என் அப்பாவும் அப்படித்தான் கேட்பார். அவருக்கு ஐம்பது வயதுக்குள் தோள்பட்டை போய்விட்டது, சர்க்கரையும் வந்துவிட்டது. உழைப்பாளிக்குச் சர்க்கரை வராது என்ற நம்பிக்கையில் பரிசோதிக்காமலே இருந்தார். வேலை உடம்பைக் காப்பாற்றும் என்று இனி என்னால் நம்ப முடியாது.

தடைக்காலம் வேறு இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில்தான். வலை பின்னுவது, படகுக்கு வர்ணம் அடிப்பது தவிர வேலை இல்லை. சாப்பாடு மட்டும் கடலுக்குப் போகும் காலத்து அளவிலேயே இருக்கும். அந்த இரண்டு மாதத்தில் எல்லோருக்கும் வயிறு போட்டுவிடுகிறது. மாலையில் கைப்பந்து ஆடுகிறோம், அதுவும் இளைஞர்கள் மட்டும். நாற்பது தாண்டியவர்கள் ஓரமாக உட்கார்ந்து பார்க்கிறார்கள். அவர்களுக்கு என்ன செய்யலாம் என்று யாராவது சொல்லுங்கள்.


தேவிபட்டினம் செவிலி
ஞாயிறு, மாலை 4.15

பாம்பன் தம்பி சொன்ன சர்க்கரை விஷயத்தை யாரும் கடந்து போய்விடக் கூடாது. வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறவள் நான். உழைக்கிறவர்களின் வீட்டில் அது இல்லை என்று எந்தத் தெருவிலும் சொல்ல முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023இல் வெளியிட்ட ஆய்வுப்படி நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருக்கிறது.

இவர்களுக்கு நேரம் என்பது விருப்பம் சார்ந்த விஷயம் அல்ல, பாதுகாப்பு சார்ந்தது. இன்சுலின் போடுகிறவர்கள், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வெறும் வயிற்றில் நீண்ட நடை போனால் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கிவிடலாம். கை நடுக்கம், வியர்வை, கண் இருட்டல் வரும். ஏற்கெனவே வியர்க்கும் நடையில் எது எந்த வியர்வை என்று தெரியாது, அதுதான் பயமே. கிளம்புமுன் சர்க்கரை 90க்குக் குறைவாக இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலம் கட்டாயம். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு.

மறுபக்கம், விடியற்காலையில் கார்ட்டிசால் போன்ற சுரப்புகள் சர்க்கரையைத் தாமாகவே ஏற்றிவிடும். அந்த நேரத்தில் மூச்சு வாங்கும்படி கடுமையாக ஓடினால் சிலருக்கு இன்னும் ஏறுகிறது. 2019இல் சுவீடனில் வகை 2 சர்க்கரை உள்ள 11 ஆண்களை வைத்துப் பார்த்தபோது, தீவிர இடைவெளிப் பயிற்சி (கடுமையாகவும் மெதுவாகவும் மாறிமாறிச் செய்வது) பிற்பகலில் சர்க்கரையைக் குறைத்தது, காலையில் உயர்த்தியது. சிறிய ஆய்வுதான், எல்லோருக்கும் அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் காலையில் ஓடியும் சர்க்கரை இறங்கவில்லை என்று மனம் உடைந்து நிறுத்துகிறவர்களுக்கு இது தெரிய வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு ஆய்வு. நியூசிலாந்தில் 2016இல் வெளிவந்தது. ஒரு நாளில் எப்போதாவது 30 நிமிடம் நடப்பதையும், மூன்று வேளையும் சாப்பிட்ட பின் பத்துப் பத்து நிமிடம் நடப்பதையும் ஒப்பிட்டார்கள். சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை, இரண்டாவது முறையில் 12 விழுக்காடு குறைவு. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மட்டும் பார்த்தால் 22 விழுக்காடு. நம் வீடுகளில் பெரிய சாப்பாடு இரவில்தானே? எட்டரைக்குச் சாப்பிட்டு ஒன்பதுக்குப் படுக்கிற ஊர் இது. அந்தப் பத்து நிமிடத்தைத் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்து கழித்தால் போதும்.

ஒரு கண்டிப்பான வார்த்தை: சர்க்கரை உள்ளவர்கள் கடல்மணலில் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. காலையோ மாலையோ. உணர்ச்சி குறைந்த பாதத்தில் சிப்பியோ கண்ணாடிச் சில்லோ கிழித்தால் தெரியாது. பகல் வெயிலில் காய்ந்த மணல் சுட்டுக் கொப்புளம் போட்டாலும் தெரியாது. விரலை எடுக்க வேண்டிய நிலைக்கு வந்த பிறகுதான் எங்களிடம் வருகிறார்கள்.


தொண்டிக்காரன்
ஞாயிறு, மாலை 5.02

செவிலி அக்கா, வெறும் வயிற்றில் நடந்தால்தான் கொழுப்பு கரையும் என்று உடற்பயிற்சிக் கூடத்தில் சொல்கிறார்களே? எனக்குச் சர்க்கரை எதுவும் இல்லை. எடை மட்டும்தான் குறைய வேண்டும்.


தேவிபட்டினம் செவிலி
ஞாயிறு, இரவு 7.40

தம்பி, அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் பார்த்தால் உண்மை. வெறும் வயிற்றில் உடல் கொழுப்பைச் சற்று அதிகமாக எரிக்கிறது. ஆனால் மீதி நாளில் அது ஈடுகட்டப்படுகிறது. சாப்பிட்டுப் பயிற்சி செய்தவர்களையும் சாப்பிடாமல் செய்தவர்களையும் ஒரே அளவு உணவில் வைத்துப் பல வாரம் கவனித்தபோது எடைக் குறைவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு வரவில்லை. உங்களுக்கு எது வசதியோ அதைச் செய்யுங்கள். நடந்துவிட்டு வந்து நாலு புரோட்டா சாப்பிட்டால் எந்த நேரத்து நடையும் எடையைக் குறைக்காது.


கீழக்கரை மாடிவீடு
ஞாயிறு, இரவு 10.20

இதுவரை எழுதியவர்களில் செவிலி அக்கா தவிர எல்லோரும் ஆண்கள் என்று நினைக்கிறேன். எந்த நேரம் நல்லது என்று கேட்பதற்கு முன், பெண்ணுக்கு எந்த நேரம் கிடைக்கிறது என்று கேளுங்கள்.

எங்கள் வீட்டில் சுபுஹு என்ற அதிகாலைத் தொழுகை முடிந்ததும் அடுப்பு எரியத் தொடங்கிவிடும். பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும்வரை உட்கார இடமில்லை. மஃரிபு என்ற அந்தித் தொழுகைக்குப் பிறகு மறுபடியும் சமையல். நடுவில் அஸர் என்ற பிற்பகல் தொழுகைக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரம் மட்டும்தான் என்னுடையது. அந்த நேரத்தில் மொட்டை மாடியில் நடக்கிறேன். பக்கத்து மாடியில் என் மாமி மகள் நடக்கிறாள். பேசிக்கொண்டே போனால் முக்கால் மணி நேரம் கழிவதே தெரியாது. தெற்கிலிருந்து கடற்காற்று வரும். தெருவில் நடந்தால் நாலு பேர் பார்க்கிறார்கள், எங்கே போகிறாய் என்று கேட்கிறார்கள். மாடியில் அந்தத் தொல்லை இல்லை. ஆசிரியர் ஐயா, காலையில் நடந்தவர்கள்தான் நிலைத்தார்கள் என்றீர்கள். உங்கள் காலை நடை நிலைப்பதற்காக வீட்டில் யாரோ ஐந்து மணிக்கு எழுந்து காப்பி போட்டிருப்பார்கள். அவர்களுக்கு எந்த நேரம் கிடைத்தது?

நோன்பு மாதத்தில் எல்லாம் மாறும். பகலில் தண்ணீரும் குடிக்காத நிலையில் காலை நடை சரிவராது. நாள் முழுவதும் தாகத்தைச் சுமக்க வேண்டியிருக்கும். நோன்பு துறப்பதற்கு முன் அரை மணி நேரம் மெதுவாக நடந்தால், களைப்பு வரும்போது கஞ்சி தயாராக இருக்கும். கொஞ்சம் கடுமையான பயிற்சி வேண்டுமென்றால் தராவீஹ் என்ற இரவுத் தொழுகை முடிந்த பிறகுதான். சர்க்கரை, பிரஷர் உள்ளவர்கள் நோன்புக்கு முன்பே மருத்துவரிடம் மாத்திரை நேரத்தை மாற்றிக் கேட்டுக்கொள்ள வேண்டும்.


மைதானத்துப் பயிற்சியாளர்
திங்கள், காலை 8.10

சீதக்காதி சேதுபதி விளையாட்டு அரங்கத்தில் காவலர் தேர்வுக்கும் ராணுவத் தேர்வுக்கும் பிள்ளைகளைத் தயார் செய்கிறேன். எங்கள் பிள்ளைகளுக்கு விருப்பத்துக்கு இடமில்லை. காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர், 2 நிமிடம் 30 விநாடி. அந்த ஓட்டம் பெரும்பாலும் அதிகாலையில்தான் நடக்கும். மாலையில் மட்டும் ஓடிப் பழகி, நேரத்தைச் சுலபமாக எட்டிய பையன், தேர்வன்று காலை ஆறரைக்கு அதே தூரத்தில் திணறியதைப் பார்த்திருக்கிறேன். திறமை குறையவில்லை, அவன் உடல் அந்த நேரத்துக்கு விழிக்கவில்லை.

நல்ல செய்தி என்னவென்றால், தொடர்ந்து சில வாரம் காலையிலேயே பயிற்சி செய்தால் காலைக்கும் மாலைக்கும் உள்ள அந்த இடைவெளி சுருங்கிவிடும். உடல் எந்த நேரத்தில் பழக்குகிறோமோ அந்த நேரத்துக்குத் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. ஆகவே நான் ஓட்டத்தைக் காலையில் வைக்கிறேன், முன்னால் கால் மணி நேரத்துக்குக் குறையாத சூடேற்றலோடு. கயிறு ஏறுதல், தண்டால், நீளம் தாண்டுதல் போன்ற விசை தேவைப்படும் பயிற்சிகளை மாலையில் வைக்கிறேன். இயன்முறையாளர் சொன்ன காரணம்தான்.

கடற்கரைக் கிராமங்களிலிருந்து வரும் பிள்ளைகள் மணலில் ஓடிப் பழகுகிறார்கள். நல்லதுதான், ஆனால் அளவோடு. காய்ந்த மணலில் நடக்கக் கெட்டித் தரையைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஆற்றல் செலவாகும். ஓடுவதற்கு ஒன்றரை மடங்குக்கு மேல். தண்ணீர் நனைத்து இறுகிய ஓரத்தில் ஓடினால் சுமை குறையும், ஆனால் கரை சாய்ந்திருப்பதால் ஒரு கால் எப்போதும் தாழ்வாக விழும். போகும்போது ஒரு பக்கம், வரும்போது மறுபக்கம் என்று சமன் செய்யுங்கள். அரியமான் கரை போன்ற அகன்ற இடத்தில் இது எளிது.


மண்டபம் இயன்முறையாளர்
திங்கள், இரவு 9.30

எல்லோருக்கும் நன்றி. ஆசிரியர் ஐயாவின் வெயில் வாதத்துக்கு விரிவாகப் பதில் எழுத வேண்டும். நம் கரையில் இதுதான் மையமான கேள்வி என்று நினைக்கிறேன்.

வெப்பமானியில் பார்த்தால் விடியலுக்குச் சற்று முன்னும் பின்னும்தான் நாளிலேயே குளிர்ச்சி. ஆனால் காற்றின் ஈரப்பதமும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். நம் உடல் குளிர்வது வியர்வை வழிவதால் அல்ல, அது ஆவியாவதால். ஈரம் நிறைந்த, அசையாத காற்றில் வியர்வை ஆவியாகாமல் சட்டையோடு ஒட்டிக்கொள்கிறது. இரவில் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று மெலிந்தது. அது அடங்கி, கடற்காற்று இன்னும் கிளம்பாத இடைவேளையில் ஒரு புழுக்கம் நிற்கும். ஆவணி, புரட்டாசி காலைகளில் நடந்தவர்களுக்கு இது தெரியும். பகலில் நிலம் சூடேறிய பிறகு கடலிலிருந்து காற்று உள்ளே வரும். மாலையிலும் அது தொடர்ந்து வீசும். காற்று பட்டால் வியர்வை காயும், உடல் ஆறும். அதனால்தான் வெப்பமானி கூடுதலாகக் காட்டினாலும் மாலை ஆறு மணிக்குக் கரையோரத்தில் நடப்பது பலருக்குச் சுகமாக இருக்கிறது.

கரையிலிருந்து உள்ளே தள்ளிப் போகப் போக இந்தச் சலுகை குறையும். கேணிக்கரையில் ஐயா சொல்லும் அனல் உண்மை. மண்டபத்தில் இரண்டு பக்கமும் கடல், எங்களுக்கு எந்தக் காற்றும் தப்பாது. ஆகவே நகரத்துக்கு ஒரு விதி, கரைக்கு ஒரு விதி என்றுதான் சொல்ல முடியும். கத்திரி நாட்களில், அதாவது மே மாதத்தில், இரண்டு இடத்திலும் காலை ஏழுக்கு முன்பே முடித்துவிடுங்கள். அப்படி முடியாதவர்கள் சூரியன் முற்றிலும் மறைந்த பிறகு கிளம்புங்கள். மாலை நாலு, ஐந்து மணி நடை அப்போது வேண்டாம்.

கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் பக்கம் மணலே பறந்து கண்ணில் அடிக்கும். அப்போது வடகடல் அமைதியாக இருக்கும். வடக்கிலிருந்து வாடை தொடங்கியதும் இது தலைகீழாகும். கடலோடிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை, நடைக்காரர்களும் அவர்களைப் போலக் கரையை மாற்றிக்கொண்டால் ஆண்டு முழுவதும் காற்றோடு சண்டை போடாமல் நடக்கலாம். இது தீவிலும் மண்டபத்திலும் இருப்பவர்களுக்குக் கிடைத்த பெரிய வசதி.

மார்கழியில் மாலை ஆறு மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும், ஆனியில் ஆறரை தாண்டியும் வெளிச்சம் இருக்கும். மாலை நடைக்காரர்கள் மாதத்துக்கு மாதம் நேரத்தை நகர்த்தத் தெரிந்திருக்க வேண்டும்.

தூக்கம் கெடும் என்ற பயத்துக்கும் ஒரு வரி. மாலைப் பயிற்சி பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, படுக்கைக்குப் போவதற்கு ஒரு மணி நேரத்துக்குள் கடுமையான பயிற்சியை முடித்தவர்களுக்குத்தான் தூக்கம் பாதிக்கப்பட்டது. ஆறு மணி நடையால் பத்து மணித் தூக்கம் கெடாது.


ஓய்வுபெற்ற ஆசிரியர், ராமநாதபுரம்
செவ்வாய், காலை 7.25

கீழக்கரைச் சகோதரி எழுதியதை என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். இன்று முதல் காப்பியை நான் போடுகிறேன், அவரும் என்னோடு வருகிறார். ஆனால் காலைதான், அதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

ஒரு சந்தேகம். அதிகாலையில்தான் மாரடைப்பு அதிகம் வருகிறது, வயதானவர்கள் அப்போது நடப்பது ஆபத்து என்று கைப்பேசியில் ஒரு செய்தி சுற்றுகிறது. எனக்குப் பிரஷர் மாத்திரை உண்டு. இதில் எவ்வளவு உண்மை?


தேவிபட்டினம் செவிலி
செவ்வாய், மதியம் 1.45

பாதி உண்மை ஐயா. காலை ஆறு மணி முதல் நண்பகல் வரையிலான நேரத்தில் மாரடைப்பு கூடுதலாக வருகிறது என்று 1985 முதலே பதிவுகள் இருக்கின்றன. எழுந்ததும் ரத்த அழுத்தம் ஏறுவது, ரத்தம் உறையும் தன்மை கூடுவது போன்றவை காரணம். ஆனால் அது நடக்கிறவர்களுக்கும் நடக்காதவர்களுக்கும் பொதுவானது. இதய நோயாளிகளுக்கான மேற்பார்வைப் பயிற்சியைக் காலையில் செய்தவர்களையும் பிற்பகலில் செய்தவர்களையும் ஒப்பிட்டு 1993இல் வந்த ஆய்வு, ஆபத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணவில்லை. அந்தச் செய்தியை நம்பி நடையை நிறுத்திவிடாதீர்கள்.

எழுந்த உடனே வேக நடை மட்டும் வேண்டாம். ஒரு தம்ளர் தண்ணீர் குடித்து, முதல் பத்து நிமிடம் மெதுவாகத் தொடங்குங்கள். நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் வந்தால் அங்கேயே உட்கார்ந்து 108ஐ அழையுங்கள். வீடுவரை நடந்து வந்து பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். தனியாகப் போகாமல் உங்கள் வீட்டு அம்மாவோடு போவது நல்ல ஏற்பாடு.


சின்னப்பாலம் மகள்
செவ்வாய், இரவு 8.55

அம்மா கடற்பாசி எடுக்கப் போகிறவர். நீரோட்டம் பார்த்து, அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் விடியலிலேயே வல்லம் என்ற சிறு படகில் கிளம்பித் தீவுப் பக்கம் போவார்கள். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கிப் பாறையிலிருந்து பாசியைப் பறிப்பார்கள். மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை என்று வகைகள் உண்டு. மணிக்கணக்காக உப்புநீரில். கரைக்கு வந்து சாக்கைச் சுமந்து, காயவைத்து, அதன் பிறகுதான் சமையல்.

போன வாரம் மருத்துவ முகாமில் ஒருவர் அம்மாவிடம் தினமும் காலையில் அரை மணி நேரம் வேகமாக நடக்கச் சொல்லியிருக்கிறார். அம்மா தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. இந்த உடம்புக்கு இன்னும் என்ன நடை? ஆனால் பாம்பன் அண்ணன் தன் அப்பாவைப் பற்றி எழுதியதைப் படித்த பிறகு யோசிக்கிறேன். அம்மாவுக்கும் தோளும் இடுப்பும் வலிக்கின்றன, பிரஷர் இருக்கிறது. இவ்வளவு உழைத்தும் ஏன்?


மண்டபம் இயன்முறையாளர்
செவ்வாய், இரவு 10.10

தங்கச்சி, உன் கோபம் நியாயமானது. வேலையில் செய்யும் உடலுழைப்பும் ஓய்வில் செய்யும் உடற்பயிற்சியும் உடலுக்கு ஒன்றல்ல என்று அண்மைக் கால ஆய்வுகள் தொடர்ந்து சொல்கின்றன. பயிற்சியில் இதயத் துடிப்பு சிறிது நேரம் ஏறி, பிறகு நன்றாக இறங்கி ஓய்வெடுக்கிறது. கடும் வேலையில் அது மணிக்கணக்காக ஏறியே நிற்கிறது, ரத்த அழுத்தமும் கூடவே நிற்கிறது. ஒரே தசைகள் திரும்பத் திரும்ப இழுபடுகின்றன, எதிர்த் தசைகளுக்கு வேலையே இல்லை. நடுவில் நிறுத்தவும் முடியாது, வேகத்தைக் குறைக்கவும் முடியாது. உடல் மீள்வதற்கு இடமே இல்லை.

அம்மா கடலுக்குப் போகும் நாளில் எந்த நடையும் வேண்டாம். அன்று மாலை வெந்நீர் ஒத்தடம், மல்லாந்து படுத்துக் கால்களை மடக்கிப் பத்து நிமிடம் ஓய்வு, சுவரில் கைவைத்து மார்பை விரிக்கும் நீட்டல். அவ்வளவு போதும். பாசி எடுக்காத நாட்களில் மாலையில், பேச்சுத்துணையோடு, மூச்சு வாங்காத வேகத்தில் இருபது முப்பது நிமிடம். அது அவருக்கு நாள் முழுவதும் கிடைக்காத ஓய்வும்கூட. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சி என்றது. அதில் காலை என்றோ மாலை என்றோ ஒரு சொல்லும் இல்லை. எவ்வளவு சிறிதாக இருந்தாலும் ஒன்றுமில்லாததைவிட நல்லது என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது.

பாம்பன் தம்பி, உங்களுக்கும் இதே கணக்குதான். கரை திரும்பிய செவ்வாய், வியாழன், ஞாயிறு காலைகளில் முதலில் தூக்கம். எழுந்து சாப்பிட்டு ஐந்து மணிக்கு மேல் நடை. தடைக்காலத்தில் நாற்பது தாண்டியவர்களுக்குக் கைப்பந்தில் திடீர்க் குதியல் வேண்டாம், முழங்காலும் குதிகால் தசைநாரும் தாங்காது. அவர்கள் வேகமாக நடக்கட்டும், வாரம் இரண்டு நாள் தசைக்கான பயிற்சி சேர்க்கட்டும். தண்ணீர்க் குடத்தையே எடையாகப் பயன்படுத்தலாம்.


மைதானத்துப் பயிற்சியாளர்
புதன், காலை 9.00

மாலைக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை, யாரும் சொல்லவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருட்டிய பிறகு ஓரமாக நடப்பது மிக ஆபத்து. பல இடங்களில் விளக்கு இல்லை, வண்டிகளின் வேகமோ அதிகம். வலப்பக்கமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி, வெளிர்நிறச் சட்டையோடு நடங்கள். காதில் பாட்டு வேண்டாம். உடைமரப் புதரும் மணலும் உள்ள பாதையில் டார்ச் இல்லாமல் போகாதீர்கள், இருட்டியதும் சுருட்டை விரியன் வெளியே வரும். கொசுவும் அந்த நேரம்தான், முழுக்கைச் சட்டை நல்லது.

அரசு 2023 நவம்பரில் தொடங்கிய 8 கி.மீ. நடைபாதைத் திட்டம் போல, விளக்குள்ள, வண்டி வராத பாதை ஒவ்வொரு கடற்கரை ஊருக்கும் சிறிய அளவிலாவது வேண்டும். அதற்கு ஊராட்சியில் மனு கொடுப்போம். இரவு எட்டு மணிவரை விளக்கு எரிந்தால் பெண்களும் வருவார்கள். மனுவை நான் எழுதுகிறேன், கையெழுத்துக்கு ஆள் வேண்டும்.


கீழக்கரை மாடிவீடு
புதன், மதியம் 2.30

எங்கள் தெருவிலிருந்து நான் வாங்கித் தருகிறேன். பெண்களின் கையெழுத்து மட்டும் தனித் தாளில் இருக்கட்டும்.


பாம்பன் கடலோடி
வியாழன், மாலை 4.40

இப்போதுதான் தூங்கி எழுந்தேன். அப்பாவிடம் மாலை நடை பற்றிச் சொன்னேன். காலையில்தான் நடக்க வேண்டும் என்று நினைத்துத்தான் இதுவரை வரவில்லையாம். அவருக்குப் பாதத்தில் மரப்பு உண்டு, செருப்பு போடும் பழக்கமே கிடையாது. எந்த மாதிரி வாங்குவது, செவிலி அக்கா?


தேவிபட்டினம் செவிலி
வியாழன், மாலை 6.05

முன்பக்கம் அகலமாக, உள்ளே மெத்தென்று, பின்பக்கம் பட்டை வைத்தது வாங்குங்கள் தம்பி. விரலிடுக்கில் வார் போகிற ரப்பர்ச் செருப்பு வேண்டாம், இடுக்கில் புண் வரும். அளவு பார்ப்பதை மாலையில் வைத்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் பாதம் சற்று வீங்கியிருக்கும். முதல் சில நாள் சிறிது நேரம் மட்டும் போட்டு நடக்கட்டும். போடுமுன் உள்ளே கையை விட்டு மணல், கல் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் பாதத்தின் அடிப்பக்கத்தை நீங்களே வெளிச்சத்தில் பாருங்கள், அவர் ஒன்றுமில்லை என்று சொன்னாலும்.